மீத்தேனும் அதன் சுற்றமும்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கந்தர்வக்கோட்டை. செம்மண் நிலமும், முந்திரித் தோப்பும், நிலக்கடலைக் கொல்லையும் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. அங்குள்ள எளியதொரு வீட்டை நோக்குவோம். சமையலறையில் எரிவாயு உருளை நிற்கின்றது. மாடத்தில் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் உள்ளன. கிணற்றடியில் துணி வெளுக்கும் தூள் இருக்கின்றது. வாசலில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் உள்ளது. கடையிலிருந்து வாங்கி வந்த பண்டம் நெகிழிப் பையில் தொங்குகின்றது. வீட்டின் முன்னே தார்ச் சாலை நீண்டு செல்கின்றது.

வாயு, திரவம், திண்மம் என வேறுபட்டு நிற்கும் இப்பொருள்களுக்குள் உறவு ஏதும் இராது என்றே நாம் எண்ணுவோம். ஆயினும், வேதியியலார் இவற்றின் குலத்தை ஆராய்ந்து பார்த்து, இவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை, அல்லது அக்குடும்பத்திலிருந்து பிறந்தவை என்று கண்டனர். அக்குடும்பத்திற்கு அல்கேன்கள் என்பது பெயர். முற்காலத்தில் அவற்றைப் பாரபின்கள் என்றும் வழங்கினர். அக்குடும்பத்தின் இயல்பு யாது, அது எங்கிருந்து கிடைக்கின்றது, நமக்கு எவ்வெவ்வாறு பயன்படுகின்றது, அதனால் விளையும் தீங்கு யாது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

அல்கேன்களில் இரண்டே தனிமங்கள் உள்ளன. ஒன்று கார்பன், அடுப்புக் கரியில் மிகுந்திருப்பது அதுவே. மற்றொன்று ஹைட்ரஜன், அது நீரின் ஒரு கூறு. கார்பன் அணுவிற்கு நான்கு கைகள் உண்டு என்றும், ஹைட்ரஜன் அணுவிற்கு ஒரே கை உண்டு என்றும் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கார்பன் அணு தன் நான்கு கைகளாலும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களைப் பற்றிக்கொண்டால் மீத்தேன் என்னும் வாயு உண்டாகின்றது. இக்குடும்பத்தில் மிகச் சிறியது அதுவே.

கார்பன் அணுவிற்கு வியத்தகு குணம் ஒன்று உண்டு. அது தன் இனத்தைச் சேர்ந்த அணுக்களோடு கைகோத்துச் சங்கிலியாக நீளவல்லது. இரண்டு கார்பன் அணுக்கள் கைகோத்து நின்றால், எஞ்சிய ஆறு கைகளிலும் ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்கின்றன, அது ஈத்தேன். மூன்று கார்பன்கள் சேர்ந்தது புரோப்பேன். நான்கு சேர்ந்தது பியூட்டேன். கார்பன் அணுக்களின் எண்ணிக்கையை இரட்டித்து, அதனோடு இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். எட்டுக் கார்பன்கள் கொண்ட ஆக்டேனில் பதினெட்டு ஹைட்ரஜன்கள் உள்ளன. இருபது கார்பன்கள் கொண்டதில் நாற்பத்திரண்டு உள்ளன. இவ்வாறு ஒரே விதிக்கு உட்பட்டு, படிப்படியாக நீண்டு செல்லும் வரிசையைப் படிவரிசை என்பர்.

இவற்றிற்குப் பெயரிட்ட முறையும் எளிமையானது. முதல் நான்கிற்கும் பழம் பெயர்களே நிலைத்தன. ஐந்தாவதிலிருந்து கிரேக்க எண்ணுப் பெயர்களை அடியொற்றிப் பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன் என வழங்கலாயினர். அனைத்துப் பெயர்களும் ஒரே ஈற்றைக் கொண்டு முடியவேண்டும் என்னும் முறையை 1866ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் என்னும் செருமானிய வேதியியலறிஞர். பெயரைக் கேட்ட அளவிலே பொருளின் குலம் விளங்குகின்றது அன்றோ?

நான்கு கார்பன்களை ஒரே நேர்ச் சங்கிலியாகவும் கோக்கலாம். மூன்றைக் கோத்து, நடுவில் நிற்பதன் மீது நான்காவதைக் கிளையாகவும் பொருத்தலாம். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அமைப்போ வேறு. ஆகவே பியூட்டேன் இரண்டு வகைப்படும். கார்பன்கள் பெருகப் பெருக இவ்வகைகளும் பெருகுகின்றன. ஆக்டேன் 18 வகைப்படும். பத்துக் கார்பன்கள் கொண்ட டெக்கேன் 75 வகைப்படும். மோட்டார் வண்டிகளில் பெட்ரோல் ஒழுங்காக எரிவதற்கும், உரிய நேரத்திற்கு முன்னரே வெடித்து இயந்திரத்தைத் தட்டுவதற்கும் இவ்வமைப்பு வேறுபாடே பெருங்காரணமாகும். கிளைகள் மிகுந்த ஒருவகை ஆக்டேனுக்கு 100 எனவும், கிளையற்ற ஹெப்டேனுக்கு 0 எனவும் மதிப்பிட்டு, அவற்றோடு ஒப்பிட்டே பெட்ரோலின் தரத்தை ஆக்டேன் எண்ணால் குறிக்கின்றனர்.

இனி இக்குடும்பத்தின் பண்புகளைக் காண்போம். முதல் நான்கும் சாதாரண வெப்பநிலையில் வாயுக்கள். ஐந்து முதல் ஏறத்தாழப் பதினேழு கார்பன்கள் வரை உள்ளவை திரவங்கள். அவற்றிற்கு மேற்பட்டவை மெழுகு போன்ற திண்மங்கள். மீத்தேன் சுழிக்குக் கீழே 162 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தால்தான் திரவமாகும். புரோப்பேன் கொதிக்கும் நிலை சுழிக்குக் கீழே 42 டிகிரி. பென்டேன் 36 டிகிரியிலும், ஹெக்சேன் 69 டிகிரியிலும், ஆக்டேன் 126 டிகிரியிலும் கொதிக்கின்றன. சிறு நூல் துண்டுகளைக் குவித்து வைத்தால் அவை எளிதில் பிரிந்து பறக்கும். நீண்ட கயிறுகளைக் குவித்து வைத்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதுபோலவே, நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றும் இடம் மிகுதி. அவற்றைப் பிரிக்க மிகுந்த வெப்பம் தேவைப்படுகின்றது. பெட்ரோலியத் தொழில் முழுவதற்கும் அடிப்படை இச்சிறு உண்மையே என்பதைப் பின்னர்க் காண்போம்.

அல்கேன்கள் நீரில் கரைவதில்லை. திரவமாகவும் திண்மமாகவும் உள்ளவை நீரினும் இலேசானவை. ஆதலின் நீரின்மேல் மிதக்கும். இப்பண்பை மனிதன் அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே செடிகொடிகள் பயன்படுத்திக்கொண்டன. முட்டைக்கோசு இலையின்மேல் நீரைத் தெளித்தால், அது பரவாமல் முத்துப் போல் உருண்டோடும். அவ்விலையின் மேற்பூச்சில் இருபத்தொன்பது கார்பன்கள் கொண்ட அல்கேன் மிகுதியாக உள்ளது. வேனிற்காலத்தில் இலையின் ஈரம் வெளியேறாமலும், மழைக்காலத்தில் புறநீர் உட்புகாமலும் இத்தகைய மெழுகுப் பூச்சே பல செடிகளைக் காக்கின்றது.

அல்கேன்களின் தலையாய குணம் வேறொன்று. அவை எப்பொருளோடும் எளிதில் சேர்வதில்லை. வீரியமிக்க அமிலத்தை ஊற்றினும், காரத்தை ஊற்றினும் அவை சாதாரண நிலையில் அசைவதில்லை. ஒவ்வொரு கார்பன் அணுவின் நான்கு கைகளும் உறுதியாகப் பற்றப்பட்டிருப்பதால், புதியதொன்றைப் பற்ற ஒரு கையும் ஒழிவில்லை. இந்நிலையை நிறைவுற்ற நிலை என்பர். 1830ஆம் ஆண்டில் மரத்தாரிலிருந்து மெழுகைப் பிரித்தெடுத்த ரைகன்பாக் என்னும் அறிஞர், அதற்குப் பாரபின் என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘நாட்டம் குறைந்தது’ என்பது பொருள்.

நம் பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சோடியம் என்னும் உலோகம் காற்றுப் பட்டாலும் மங்கும். நீர் பட்டாலோ சீறி எரியும். அத்தகைய சோடியத்தை மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைத்துள்ளனர். மண்ணெண்ணெய் பெரும்பாலும் அல்கேன்களால் ஆனது. யாவற்றோடும் சண்டையிடும் சோடியமும் அதனோடு சண்டையிட இயலாமல் அமைதியாகக் கிடக்கின்றது.

அமைதியே உருவான இக்குடும்பத்திற்கு ஒரே ஒரு பெருவேட்கை உண்டு. அது தீயின் துணையோடு காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்தல். பொறி ஒன்று பட்டுவிட்டால் அல்கேன்கள் மிகுந்த வெப்பத்தை உமிழ்ந்து எரிகின்றன. எரிந்தபின் அவற்றின் கார்பன் கரியமில வாயுவாகின்றது, ஹைட்ரஜன் நீராவியாகின்றது. 16 கிராம் மீத்தேன் 64 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் 44 கிராம் கரியமில வாயுவும் 36 கிராம் நீரும் உண்டாகும். எரிந்த பொருள் அழிந்து போவதில்லை. உருமாறிக் காற்றில் கலக்கின்றது. 14.2 கிலோகிராம் எரிவாயு கொண்ட வீட்டு உருளை ஒன்று முழுதும் எரிந்து தீரும்போது, ஏறத்தாழ 43 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகின்றது. காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜனின் எடையும் அதில் அடங்கியிருப்பதே அம்மிகுதிக்குக் காரணம்.

எரிதலின் இயல்பை விளக்குவதற்கு மெழுகுவத்தியைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. மைக்கேல் ஃபாரடே என்னும் பேரறிஞர் 1860ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் சிறுவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளின் பொருள் ஒரே ஒரு மெழுகுவத்திதான். திரியை ஏற்றியவுடன் மெழுகு உருகித் திரவமாகின்றது, திரவம் திரி வழியே மேலேறுகின்றது, சுடரின் வெப்பத்தால் ஆவியாகின்றது, அவ்வாவியே எரிகின்றது. ஆசிரியர் உடனிருக்க இதனைச் சோதித்துப் பார்க்கலாம். எரியும் மெழுகுவத்தியை அணைத்தவுடன் திரியிலிருந்து வெண்புகை எழும். திரியைத் தொடாமல் அப்புகையின் மேல்முனையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், தீ புகை வழியே கீழிறங்கித் திரியைப் பற்றும். அப்புகையில் மெழுகின் ஆவி கலந்துள்ளதே அதற்குக் காரணம்.

மீத்தேனின் வரலாறு சேற்றிலே தொடங்குகின்றது. 1776ஆம் ஆண்டில் அலெசாந்திரோ வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர், மஜ்ஜோரே என்னும் ஏரியின் சேற்றைக் கிளறியபோது எழுந்த குமிழிகளைப் பிடித்து ஆராய்ந்தார். அவ்வாயு நெருப்புப் பட்டு எரிந்தது. காற்றுப் புகாத சேற்றில் இலைதழைகள் மக்கும்போது நுண்ணுயிர்கள் இவ்வாயுவை ஆக்குகின்றன. நீர் தேங்கிய நம் நெல்வயல்களிலும், கால்நடைகளின் இரைப்பையிலும் இதே வேலை ஓயாது நடைபெறுகின்றது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் மீத்தேன் அடைபட்டுக் கிடக்கும். அது காற்றோடு கலந்து, விளக்கின் சுடர் பட்டு வெடித்ததால் மாண்ட சுரங்கத் தொழிலாளர் பலர். 1815ஆம் ஆண்டில் சர் ஹம்ஃப்ரி டேவி, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலையை அமைத்துக் காப்பு விளக்கு ஒன்றை உருவாக்கினார். வலை வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் தீ வெளியே பரவுவதில்லை.

எனினும், இன்றைய உலகம் வேண்டும் அளவிற்கு அல்கேன்களை அளிப்பவை பெட்ரோலியமும் இயற்கை வாயுவுமே ஆகும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் இறந்து அடியில் படிந்தன. அவற்றின்மேல் மண்ணும் மணலும் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. மேலுள்ள சுமையின் அழுத்தத்தாலும் பூமியின் உள்வெப்பத்தாலும் அவ்வுடல்களின் எச்சம் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறியது. அவை நுண்துளைகள் கொண்ட பாறைகளில் ஊறி, மேலே கசியமுடியாதபடி மூடிய பாறைகளின் கீழே தங்கின.

நம் நாட்டில் அசாம் மாநிலத்துத் திக்பாயில் 1889ஆம் ஆண்டில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பெற்றது. 1901ஆம் ஆண்டில் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. தமிழ்நாட்டில் காவிரி பாயும் சமவெளியின் அடியிலும் இத்தகைய படிவுப் பாறைகள் உள்ளன. அரியலூர்ப் பகுதியில் கடல்வாழ் உயிர்களின் கல்லுருக்கள் இன்றும் கிடைக்கின்றன. அங்கெல்லாம் ஒரு காலத்தில் கடல் அலைவீசியது என்பதற்கு அவையே சான்று. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் முதல் ஆழ்கிணறு 1964ஆம் ஆண்டில் தோண்டப்பெற்றது. பின்னர் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெயும் வாயுவும் கிடைத்தன. அவ்வெண்ணெயைத் தூய்மை செய்ய 1993ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திற்கு அருகே ஓர் ஆலை நிறுவப்பெற்றது. திருவாரூர் மாவட்டத்துக் கோவில்களப்பாலிலும், இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூரிலும் இயற்கை வாயுவை எரித்து மின்னாற்றல் ஆக்கும் நிலையங்கள் அமைக்கப்பெற்றன.

பூமியிலிருந்து வரும் எண்ணெய் கரிய நிறமுடைய ஒரு கலவை. அதனை அப்படியே பயன்படுத்த இயலாது. சென்னையை அடுத்த மணலியில் 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில் அதனைச் சூடாக்கி, உயர்ந்த கோபுரம் ஒன்றினுள் செலுத்துகின்றனர். கோபுரத்தின் அடிப்பகுதி மிக்க வெப்பமுடையது. மேலே செல்லச் செல்ல வெப்பம் குறையும். சிறிய மூலக்கூறுகள் ஆவியாகவே உச்சிக்குச் சென்று வாயுவாக வெளியேறுகின்றன. அதன் கீழே பெட்ரோலும், அதற்கும் கீழே மண்ணெண்ணெயும், டீசலும் முறையே குளிர்ந்து திரவமாகின்றன. அடியில் எஞ்சுவதிலிருந்து உயவெண்ணெயும், மெழுகும், சாலைக்கு இடும் தாரும் கிடைக்கின்றன. கொதிநிலையின் வேறுபாட்டைக் கொண்டே பொருள்களைப் பிரிக்கும் இம்முறைக்குப் பின்னக் காய்ச்சி வடித்தல் என்பது பெயர்.

இவற்றின் பயன்களுள் எரிபொருளாதல் யாவரும் அறிந்தது. நாம் அறியாத பயன்கள் பல உள. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் செய்யப்பெறும் தீக்குச்சியின் நுனியை, மருந்து தோய்க்குமுன் உருகிய மெழுகில் நனைக்கின்றனர். மருந்தின் தீ கணப்பொழுதில் அணைந்துவிடும். மெழுகே அத்தீயை ஏற்று மரக்குச்சிக்கு வழங்குகின்றது. மண்ணெண்ணெயிலிருந்து, பத்து முதல் பதின்மூன்று வரை கார்பன்கள் கொண்ட நேர்ச் சங்கிலி அல்கேன்களைப் பிரித்து, துணி வெளுக்கும் தூளுக்கு மூலப்பொருள் செய்யும் தொழிற்சாலை மணலியில் உள்ளது. எண்ணெய்ப் பசையோடு உறவாடும் அச்சங்கிலியின் ஒரு முனையில், நீரோடு உறவாடும் பகுதி ஒன்றைச் சேர்த்துவிட்டால், அது அழுக்கைப் பற்றி நீரோடு இழுத்துச் சென்றுவிடும்.

நிலக்கடலை விளையும் கந்தர்வக்கோட்டைப் பகுதியினர் அறியவேண்டிய பயன் ஒன்று உண்டு. கடலையைச் செக்கில் ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கில் சிறிதளவு எண்ணெய் தங்கிவிடும். எவ்வளவு அழுத்தினும் அது வெளிவராது. பெரிய ஆலைகளில் அப்பிண்ணாக்கின் ஊடே ஹெக்சேனைச் செலுத்துகின்றனர். ஹெக்சேன் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். பின்னர் அதனைச் சூடாக்கினால், 69 டிகிரியிலேயே கொதிக்கும் ஹெக்சேன் ஆவியாகிப் பிரிய, கடலை எண்ணெய் எஞ்சி நிற்கும். ஆவியைக் குளிர்வித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துவர். அரிசித் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பதும் இம்முறையாலேயே.

உழவர் வயலுக்கு இடும் யூரியாவிலும் மீத்தேனின் பங்கு உண்டு. இயற்கை வாயுவை நீராவியோடு சேர்த்து மிகுந்த வெப்பத்தில் வினைபுரியச் செய்து ஹைட்ரஜனைப் பெறுகின்றனர். அதனைக் காற்றின் நைட்ரஜனோடு இணைத்து அமோனியாவும், அமோனியாவிலிருந்து யூரியாவும் செய்கின்றனர். மணலி உரத் தொழிற்சாலையும் தூத்துக்குடி உரத் தொழிற்சாலையும் முன்னர் நாப்தா என்னும் எண்ணெயைக் கொண்டு இதனைச் செய்து, பின்னர் இயற்கை வாயுவுக்கு மாறின. ஆகவே, அடுப்பை மட்டுமன்றி வயலையும் இக்குடும்பம் தாங்குகின்றது எனல் மிகையாகாது.

ஆனால், பயன் உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு. உருளையிலுள்ள புரோப்பேனும் பியூட்டேனும் காற்றினும் கனமானவை. கசிந்தால் அவை மேலே பறந்து போகாமல் தரையிலேயே படர்ந்து, மூலையிலும் பள்ளத்திலும் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்திருந்தாலே தீப்பற்றிவிடும். அவற்றிற்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை நாம் அறியவேண்டும் என்பதற்காகவே நாற்றமுடைய கந்தகச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு சேர்க்கின்றனர். அந்நாற்றம் வீசினால் விளக்கின் பொத்தானையும் தொடலாகாது. உருளையின் வாயை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, வெளியேறவேண்டும். எரியும் மண்ணெண்ணெயின்மீது நீரை ஊற்றுதலும் பெருந்தவறு. எண்ணெய் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணலை இட்டோ, நனைந்த சாக்கால் மூடியோ காற்றைத் தடுத்தலே முறை. அடைத்த அறையில் எரியும் அடுப்பு போதிய ஆக்சிஜன் பெறாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சை உண்டாக்கும் என்பதையும் மறத்தலாகாது.

அமைதியான குணமும் சில வேளைகளில் தீங்காக முடிகின்றது. பெட்ரோலியப் பொருள்களைச் சிதைத்து எத்திலீன் என்னும் வாயுவைப் பெறுகின்றனர். அதன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்துப் பாலித்தீன் செய்கின்றனர். அமைப்பை நோக்கின், பாலித்தீன் மிக மிக நீண்டதோர் அல்கேனே ஆகும். எதனோடும் சேராத குலக்குணம் அதற்கும் உண்டு. ஆகவே அது பண்டத்தைக் கெடாமல் காக்கின்றது. எறிந்தபின் அதுவே மண்ணில் மக்காமல் கிடந்து, நீர் இறங்கும் வழியை அடைக்கின்றது; மேயும் மாட்டின் வயிற்றிலும் தங்குகின்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தமைக்குக் காரணம் இதுவே. மேலும், எரிந்த அல்கேன்களின் கரியமில வாயு பூமியின் வெப்பத்தை மிகுவிக்கின்றது. எரியாமல் கசியும் மீத்தேனோ, நூறாண்டுக் கணக்கில் நோக்குமிடத்து, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 25 மடங்கிற்கு மேல் வெப்பத்தைத் தேக்குகின்றது.

இக்குடும்பத்தை எங்கிருந்து எடுப்பது என்னும் வினா காவிரிப் படுகை மக்களின் முன் நேரே வந்து நின்றது. மன்னார்குடிப் பகுதியில் நிலத்தடி நிலக்கரிப் படுகையிலுள்ள மீத்தேனை எடுக்க 2010ஆம் ஆண்டில் உரிமை வழங்கப்பெற்றது. அம்மீத்தேன் நிலக்கரியோடு ஒட்டிக் கிடப்பது. படுகையிலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் அது வெளிவரும். நீரை இறைத்தால் கிணறுகள் வற்றுமே, உப்புநீர் புகுமே என உழவர் அஞ்சினர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதனை எடுத்துரைத்தார். அப்பணியில் ஈடுபட்டிருந்தபோதே 2013ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இயற்கை எய்தினார். அவ்வாண்டிலேயே மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தி வைத்து, ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது.

அடுத்து, கந்தர்வக்கோட்டை அமைந்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்திலேயே அவ்வினா எழுந்தது. ஆலங்குடி வட்டத்தைச் சார்ந்த நெடுவாசல், ஆழ்துளைக் கிணற்று நீரால் நெல்லும் தென்னையும் பலாவும் செழிக்கும் ஊர். நாட்டில் முன்னரே கண்டறியப்பட்ட சிறு எண்ணெய் வயல்களுள் அதுவும் ஒன்று. 2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள், அத்தகைய 31 பகுதிகளில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க நடுவண் அரசு இசைவளித்தது. ஹைட்ரோகார்பன் என்னும் சொல் அந்நாளில்தான் சிற்றூர்த் திண்ணைகளிலும் ஒலிக்கலாயிற்று. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்களுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயர். அல்கேன்கள் அவற்றுள் ஒரு பிரிவு. நெடுவாசல் மக்கள், ஆடவரும் பெண்டிரும் சிறுவருமாக மரநிழலில் அமர்ந்து, பல வாரங்கள் அறப்போர் நிகழ்த்தினர்.

நாட்டிற்கு எரிபொருள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கும் எண்ணெய்க்குப் பெரும்பொருள் செலவாகின்றது. ஆதலின் நம் மண்ணிலுள்ளதை எடுத்தல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். எண்ணெய் சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும். கெட்டுப்போன நிலத்தடி நீரோ மீளாது. நிலமும் நீரும் போனபின் உழவனுக்கு எஞ்சுவது யாது என்றனர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் நிறுத்துப் பார்த்தே முடிவு காணவேண்டியிருந்தது. நெடுவாசலில் அத்திட்டத்தின்படி எண்ணெய் எடுக்கும் வேலை தொடங்கவில்லை. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் எண்ணெயும் எரிவாயுவும் தேடிப் புதிதாகத் துளையிடுவதை அச்சட்டம் விலக்கியது. நெடுவாசலை உட்கொண்ட திருவரங்குளமும், கந்தர்வக்கோட்டைக்கு அண்டையிலுள்ள கறம்பக்குடியும் அவ்வொன்றியங்களுள் அடங்கும். முன்னரே நடைபெற்று வந்த பணிகளை அச்சட்டம் தடுக்கவில்லை.

நிலத்தைத் துளைக்காமலே மீத்தேனைப் பெறும் வழி ஒன்று உழவர் தொழுவத்திலேயே உண்டு. நான்கைந்து மாடுகள் நாளொன்றுக்கு இடும் ஏறத்தாழ 50 கிலோகிராம் சாணத்தை நீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் இட்டால், இரண்டு கன மீட்டர் அளவு சாண எரிவாயு கிடைக்கும். அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மீத்தேன். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்தின் அடுப்பிற்கு அது போதும். வாயு போக எஞ்சும் குழம்பு நல்ல எரு. ஊர்தோறும் இதனைப் பரப்புவதற்கு 1981ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு நாடு தழுவிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வெளியே மக்கி வானில் கலந்திருக்கக்கூடிய மீத்தேன் அடுப்பில் எரிவதால், பூமிக்கும் நன்மை விளைகின்றது. ஆயினும், ஆலைகளுக்கும் ஊர்திகளுக்கும் வேண்டிய முழு ஆற்றலையும் தொழுவம் தந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. அதற்குக் கதிரவனும் காற்றும் துணைநிற்க வேண்டும்.

சேற்றுக் குமிழியாக எழுவதும், தொழுவத்துத் தொட்டியில் பிறப்பதும், நெடுவாசலின் மண்ணுக்கடியில் உறங்குவதும் ஒரே குடும்பத்தின் பொருள்களே. அவற்றின் இயல்பு இடத்திற்கு இடம் மாறுவதில்லை. அவற்றை எங்கிருந்து எடுக்கின்றோம், எவ்வளவு எடுக்கின்றோம், எவ்வாறு கையாளுகின்றோம் என்பனவற்றைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன. அவற்றைத் தீர்மானிக்கும் உரிமை நாளை இன்றைய மாணாக்கரின் கைக்கு வரும். ஆரவாரத்தாலோ அச்சத்தாலோ அன்றி, பொருளின் தன்மையை அறிந்து தீர்மானிப்பதற்கு வேதியியல் கல்வி துணை செய்யும். அடுப்பில் எரியும் நீலச் சுடரைக் காணுந்தோறும் அதன் வரலாற்றையும் விலையையும் நினைவிற்கொண்டு, தேவைக்கு மேல் ஒரு கணமும் எரியவிடாமல் அணைத்தல் அக்கல்வியின் முதற்பயனாகும்.

பயிற்சி வினாக்கள்

1. கார்பன் அணுக்களின் எண்ணிக்கை தெரிந்தால் ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையை எவ்வாறு அறியலாம்? பன்னிரண்டு கார்பன்கள் கொண்ட அல்கேனுக்குக் கணக்கிடுக.

2. சோடியத்தை மண்ணெண்ணெயில் வைப்பது ஏன்?

3. பெட்ரோலியத்திலிருந்து பல பொருள்களைப் பிரிக்கும் முறையை விளக்குக.

4. எரிவாயு கசிந்தால் செய்யத்தக்கன, செய்யத்தகாதன யாவை? காரணம் தருக.

5. நிலத்தடியிலுள்ள எண்ணெயை எடுத்தல் குறித்து இரு சாராரும் கூறியவற்றைத் தொகுத்து, நும் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.